கை மறுவாழ்வுக்குத் தொடு உணர்வு மெய்நிகர் சூழல் அமைப்பது எப்படி? முழுமையான வழிகாட்டி

திரையில் ஒரு பொருள் தெரியும். கையை நீட்டி அதைத் தொட்டதும் விரலில் ஓர் அதிர்வோ, தள்ளும் எதிர்ப்போ வரும். பக்கவாதத்தில் மடங்கிப்போன கை, நரம்பு அடிபட்டு மரத்துப்போன கை, தசைநாண் தைத்து ஆறிவரும் கை ஆகியவற்றுக்குப் பயிற்சி கொடுக்க இப்படியொரு அமைப்பைக் கட்டுவதைப் பற்றித்தான் இந்த வழிகாட்டி. தொண்டியிலிருந்து மண்டபம், பாம்பன், கீழக்கரை வழியாக மூக்கையூர் வரை நம் கடற்கரை ஊர்களில் இதைச் செய்து பார்க்க நினைக்கும் பொறியியல் மாணவர்களையும் இளம் இயன்முறை மருத்துவர்களையும் மனதில் வைத்து எழுதுகிறேன்.

புதிதாக வருகிறவர்கள் பெரும்பாலும் முதலில் கண்ணில் மாட்டும் மெய்நிகர்த் திரையான ஹெட்செட்டை, அதற்கான கையுறையோடு வாங்குகிறார்கள். அப்புறம் அதில் ஓடும் விளையாட்டைத் தேடுகிறார்கள். மடங்கிய கை அந்தக் கையுறைக்குள் நுழையவே நுழையாது என்று தெரியும்போது பணம் தீர்ந்திருக்கும். சரியான வரிசை இது: முதலில் கை. அடுத்து, அந்தக் கை திரும்பிப் போக வேண்டிய வேலை. பிறகு, தொடுகை என்ன சொல்ல வேண்டும் என்ற முடிவு. கருவி அதற்கும் பிறகுதான்.

தொடங்கும் முன் தேவையானவை

ஆட்கள் மூன்று பேர். ஒருவர் இயன்முறை மருத்துவர் அல்லது தொழில்வழி சிகிச்சையாளர் (அன்றாட வேலைகளுக்குக் கையைப் பழக்குபவர்). "இந்தக் கைக்கு இது வேண்டாம்" என்று உங்களைத் தடுக்கும் அதிகாரம் அவருக்கு இருக்க வேண்டும். இன்னொருவர் நிரலும் மின்னணுவும் தெரிந்தவர். மூன்றாமவரைத்தான் எல்லோரும் மறந்துவிடுகிறார்கள்: நீங்கள் திரையில் காட்டப்போகும் வேலையை அன்றாடம் செய்கிற ஆள். வலை பின்னும் சூழல் என்றால் வலை பின்னுகிறவர், கடற்பாசி கட்டும் சூழல் என்றால் பாசி கட்டும் அக்கா.

பொருள்கள்: சாதாரண லேப்டாப், வெளித்திரை ஒன்று, இஎஸ்பி32 போன்ற சிறு கட்டுப்பாட்டுப் பலகை, அதிர்வு மோட்டார்கள், அவற்றை இயக்கும் டிஆர்வி2605எல் சில்லு, விரல், மணிக்கட்டு வளைவைச் சொல்லும் சென்சார், அழுத்தத்தைச் சொல்லும் சென்சார், பருத்தித் துணி, வெல்க்ரோ. நிரலுக்கு கோடோ (Godot) அல்லது யூனிட்டி என்ற விளையாட்டு உருவாக்கும் மென்பொருள் போதும்.

அனுமதி: நோயாளியை வைத்து ஆய்வு செய்யப்போகிறீர்கள் என்றால் நெறிமுறைக் குழுவின் ஒப்புதலும் நோயாளியின் எழுத்துச் சம்மதமும் வேண்டும். விற்கும் எண்ணம் இருந்தால் மருத்துவக் கருவிகள் விதிகள் 2017-ஐப் படியுங்கள். சிகிச்சைக்கான மென்பொருளும் அதற்குள் வரும்.

1. கையை முழுதாகப் பாருங்கள்

பொறியாளர் இந்தப் படியில் கணினியைத் திறக்கக் கூடாது. சிகிச்சையாளரின் பக்கத்தில் உட்கார்ந்து நான்கு விஷயங்களைக் குறித்துக்கொள்ளுங்கள்.

முதலாவது, கை எவ்வளவு விரிகிறது. பக்கவாதத்துக்குப் பிறகு பலருக்குப் பிடிப்பது வரும், விடுவதுதான் வராது. மடக்கும் தசைகள் இறுகியிருப்பதே காரணம். இந்த இறுக்கத்தை மாற்றியமைத்த ஆஷ்வொர்த் அளவையில் 0 முதல் 4 வரை குறிப்பார்கள். 3 அல்லது 4 என்றால் கையுறை மாட்டுவதே அந்தக் கைக்கு வேதனை. வேறு வழி பார்க்க வேண்டும்.

இரண்டாவது, மணிக்கட்டு. மணிக்கட்டைக் கீழே தொங்கவிட்டால் விரல்கள் தானாகக் கொஞ்சம் விரியும். மேலே நிமிர்த்தினால் தானாக மடங்கும். தசைநாண்களின் நீளம் அப்படி. விரல் விரிக்க முடியாதவர் இந்த வழியைத் தாமாகவே கண்டுபிடித்துவிடுவார். விரல் சென்சாரை மட்டும் நம்பினால், மணிக்கட்டைத் தொங்கவிட்டவருக்கும் உங்கள் நிரல் "வெற்றி" என்று சொல்லும். அதனால் மணிக்கட்டின் கோணமும் அளவிடப்பட வேண்டும் என்று இங்கேயே எழுதிவையுங்கள்.

மூன்றாவது, தொடு உணர்வு. நைலான் இழையை விரல் நுனியில் வளையும் வரை அழுத்திக் கண்ணை மூடிச் சொல்லச் சொல்வார்கள். 2 கிராம் அழுத்தமுள்ள இழையைக் கையில் உணர முடியாவிட்டால், பாதுகாப்புக்கான உணர்வு போய்விட்டது என்று தொழுநோய் சிகிச்சையில் எடுத்துக்கொள்கிறார்கள். அப்படிப்பட்ட விரலில் வைக்கும் மோட்டார் நோயாளியிடம் எதையும் சொல்லாது. சூடானாலும், உராய்ந்து தோல் பிய்ந்தாலும் அவருக்குத் தெரியாது என்பது அதைவிடப் பெரிய விஷயம். சர்க்கரை நோயால் நரம்பு கெட்ட கைகளுக்கும் இதே கவனம் வேண்டும்.

நான்காவது, கவனமும் உடல் நிலையும். வலது மூளை பாதித்த சிலர் இடப்பக்கத்தையே கவனிக்க மாட்டார்கள். சாப்பிடும் தட்டில் இடது பாதி அப்படியே மிஞ்சும். திரையில் இடப்பக்கம் பொருளை வைத்துவிட்டு "முயற்சி செய்யவில்லை" என்று பதிவிடுவது அவருக்குச் செய்யும் அநியாயம். உட்கார்ந்த நிலையில் சாயாமல் இருக்கிறாரா, தோள் வலிக்கிறதா என்பதையும் பாருங்கள்.

தசைநாண் தைத்த கை தனி வகை. சீக்கிரமாக எதிர்ப்புக் கொடுத்தால் தையல் அறுந்துபோகும். பொதுவாக 8 முதல் 12 வாரம் வரை எதிர்ப்புப் பயிற்சி தொடங்குவதில்லை. தேதியை முடிவு செய்ய வேண்டியவர் அறுவை செய்த மருத்துவர். நீங்களோ நோயாளியின் ஆர்வமோ அதை முடிவு செய்யக் கூடாது.

2. திரும்ப வேண்டிய ஒரு வேலையைத் தேர்ந்தெடுங்கள்

ஒன்றே ஒன்று. "எல்லா வேலையும் செய்யலாம்" என்று தொடங்கிய திட்டங்கள் எதையும் முடிப்பதில்லை.

பூந்தொட்டியில் பூ நடுவதும் பியானோ வாசிப்பதும் வெளிநாட்டு மென்பொருள்களில் நிறைய உண்டு. நம் ஊரில் கரைவலை இழுத்தவருக்கும், பனை ஓலையில் கொட்டான் முடைந்தவருக்கும் அவை ஒட்டாது. கை எதைப் பல ஆண்டு செய்ததோ அதைக் காட்டினால், விளக்கம் சொல்ல வேண்டிய நேரம் மிச்சமாகும். அடுத்த நாள் திரும்பி வருவதற்கும் அவருக்கு ஒரு காரணம் இருக்கும்.

வேலையைப் படம்பிடிக்க நல்ல காலம் மீன்பிடித் தடைக்காலம். கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கடலுக்குப் போவதில்லை. படகு பழுதும் வலைப் பழுதும் அப்போதுதான் மும்முரமாக நடக்கும். அனுமதி கேட்டுப் பக்கத்தில் உட்கார்ந்து, கையை மட்டும் செல்போனில் மெதுஓட்டமாக எடுங்கள். முகம் வேண்டாம்.

எடுத்ததைத் துண்டு துண்டாகப் பிரியுங்கள். கிழிந்த கண்ணியை, அதாவது வலையின் ஒரு துளையை, பின்னும்போது வலது கையில் நூல் சுற்றிய வலை ஊசி இருக்கும். கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலின் பக்கவாட்டுக்கும் நடுவில் அது படுத்திருக்கும், இறுக்கிப் பிடிப்பதில்லை. ஊசி கண்ணிக்குள் நுழைந்ததும் அந்தக் கை ஊசியை விட்டுவிடுகிறது. மறுபக்கம் வந்த முனையை மறுபடி பிடிக்கிறது. இழுக்கிறது. நூல் தளர்வாக வந்து, மெல்ல விறைத்து, முடிச்சு உட்காரும் இடத்தில் சட்டென்று நின்றுவிடுகிறது. இடது கை விரல்கள் கண்ணியின் அளவைப் பிடித்துக்கொண்டிருக்கும்.

இதில் சிகிச்சைக்கு மிக முக்கியமானது எது? விடுவதுதான். ஒவ்வொரு முடிச்சுக்கும் ஒரு தடவை விட்டுப் பிடிக்க வேண்டும். பக்கவாதக் கைக்கு வராத அசைவு இந்த வேலைக்குள்ளேயே உட்கார்ந்திருக்கிறது. இப்படியொரு வேலை கிடைத்தால் அதை விடாதீர்கள். பாசி வளர்ப்பில் கயிற்றில் பாசித் துண்டுகளை வரிசையாகக் கட்டுவதும் இதே மாதிரி நல்ல வேலை. அதில் இரண்டு கைகளும் சேர்ந்து இயங்க வேண்டியிருக்கும்.

புதியவர்கள் செய்யும் தவறு, வேலையை முழுதாகத் திரையில் கொண்டுவர முயல்வது. வலையின் நூறு கண்ணிகளும் காற்றில் ஆட வேண்டும் என்று மாதக்கணக்கில் உழைப்பார்கள். ஒரு கண்ணி, ஓர் ஊசி, ஒரு முடிச்சு போதும்.

3. தொடுகை என்ன சொல்ல வேண்டும் என்று எழுதுங்கள்

ஒரே ஒரு தாளில் எழுதுங்கள். இந்தத் தாள்தான் வடிவமைப்பு. மற்றதெல்லாம் அதைச் செய்து முடிக்கும் வேலை.

நான் பிடிவாதமாகக் கடைப்பிடிக்கும் விதி: நிஜப் பொருள் விரலுக்குச் சொல்வதை மட்டுமே தொடுகை சொல்லட்டும். பாராட்டு, எச்சரிக்கை, மதிப்பெண், நேரம் முடிந்தது என்பதெல்லாம் குரலிலும் நிறத்திலும் வரட்டும். தொட்டாலும் அதிர்வு, வென்றாலும் அதிர்வு, தவறினாலும் அதிர்வு என்று வைத்தால், உணர்வு ஏற்கெனவே மங்கிய கை எதை எதுவென்று பிரிக்கும்?

வலை ஊசிக்கு நான்கு செய்திகள் போதும். ஊசி விரலில் பட்டதும் கட்டைவிரலிலும் ஆள்காட்டி விரலிலும் ஒரே நேரத்தில் ஒரு சிறு துடிப்பு. ஊசி நழுவும்போது மெல்லிய உரசல் போன்ற விட்டுவிட்டு வரும் அதிர்வு. நூல் விறைக்க விறைக்க அடர்த்தியாகும் துடிப்புகள். முடிச்சு உட்கார்ந்ததும் ஓர் அழுத்தமான துடிப்பு, உடனே முழு அமைதி. அந்த அமைதியை விட்டுவிடாதீர்கள். முடிந்தது என்பதைக் கை அதில்தான் அறிகிறது.

தொடர்ச்சியான அதிர்வு எதற்குமே வேண்டாம். தோலின் உணர்விகள் சீக்கிரம் பழகி மந்தமாகிவிடும். சில விநாடிகளில் நோயாளி உணர்வதே குறையும்.

இடமும் இங்கேயே முடிவாக வேண்டும். விரல் நுனி மரத்திருந்தால் அதே செய்தியை உணர்வுள்ள முன்கைக்கோ மறு கையின் விரலுக்கோ மாற்றலாம். ஒருமுறை முடிவு செய்த இடத்தைப் பிறகு மாற்றக் கூடாது. தினம் ஓர் இடம் என்றால் மூளைக்குப் பழக நேரமே கிடைக்காது.

தவிர்க்க வேண்டிய ஓர் இடமும் உண்டு. தசைநாண் மேல் வலுவான அதிர்வு கொடுத்தால் அந்தத் தசை தானாகச் சுருங்கும். ஏக்லண்டும் ஹாக்பார்த்தும் 1966-ல் விவரித்த அனிச்சை இது. 100 ஹெர்ட்ஸ் பக்கம் நன்றாகத் தெரியும். மணிக்கட்டின் உள்பக்கம் மடக்கும் தசைநாண்கள் ஓடுகின்றன. வசதியாக இருக்கிறதே என்று மோட்டாரை அங்கே வைத்தால், விரியச் சொல்லிக்கொண்டே மடக்கத் தூண்டுகிறீர்கள்.

4. இப்போது கருவியைத் தேர்ந்தெடுங்கள்

மூன்று வழிகள் உண்டு.

அதிர்வு: மலிவு, எடை குறைவு, ஆபத்து குறைவு. நாணய வடிவச் சுழல் மோட்டார் முழு வேகம் பிடிக்க ஏறக்குறைய 50 முதல் 100 மில்லிசெகண்டு ஆகும். "பட்டது" என்ற கூர்மையான உணர்வுக்கு அது மந்தம். நேர்கோட்டில் அதிரும் ஒத்ததிர்வு மோட்டார் இன்னும் விரைவாக எழும், விரைவாக அடங்கும். விரல் நுனியின் ஆழ்ந்த உணர்விகள் 250 ஹெர்ட்ஸ் அருகே மிகக் கூர்மையாக இருப்பதால், இந்த வகை மோட்டார்களின் அதிர்வெண் கைக்கு ஒத்துவருகிறது. தொடங்குகிறவர்கள் இதையே வாங்குங்கள்.

விசை: கையைத் திருப்பித் தள்ளும் கருவி. 3டி சிஸ்டம்ஸ் நிறுவனத்தின் டச் என்ற மேசைக் கருவி அதிகபட்சம் 3.3 நியூட்டன், அதாவது சுமார் 330 கிராம் எடையின் அளவுக்குத் தள்ளும். விறைப்பான பொருளை நம்பும்படி காட்ட, விசைக் கணக்கு நொடிக்கு ஆயிரம் தடவை ஓட வேண்டும். திரைக்கு 60 தடவை போதும். இரண்டையும் ஒரே நிரல் சுற்றில் எழுதினால் கருவி கையில் நடுங்கும். விலையும் அதிகம். சிகிச்சையாளர் எதிர்ப்பு வேண்டும் என்று சொன்னால் மட்டும் இந்தப் பக்கம் போங்கள்.

நிஜப் பொருள்: எனக்குப் பிடித்தது இதுதான். உண்மையான வலை ஊசியிலேயே ஓர் அழுத்தச் சென்சாரை ஒட்டி, கையில் கொடுங்கள். திரையில் மெய்நிகர் வலை இருக்கட்டும். ஊசியின் எடையும் வழவழப்பும் விளிம்பும் இலவசமாகவே கிடைத்துவிடுகின்றன. நூல் விறைப்பதையும் முடிச்சையும் மட்டும் மோட்டார் சொல்லட்டும்.

திரையா, ஹெட்செட்டா? பெரும்பாலோருக்குத் திரை. வயதானவர்கள் சிலருக்கு ஹெட்செட் தலைசுற்றலைக் கொடுக்கும், உட்காரும் சமநிலை குறைந்தவர் சாய்ந்துவிடுவார், தன் கையைத் தானே பார்க்கவும் முடியாது. கேமரா மூலம் விரலைப் பின்தொடரும் கருவிகள் மடங்கிய முஷ்டியில் தடுமாறும். விரல்கள் ஒன்றையொன்று மறைத்துக்கொள்வதே காரணம். அகச்சிவப்பு ஒளியில் இயங்குபவை வெயில் விழும் திண்ணையில் இன்னும் மோசமாகும். நம் ஊர் வீடுகளில் வெளிச்சமான இடம் திண்ணைதான் என்பதை மறக்க வேண்டாம்.

5. மாட்டக்கூடிய கையுறையைத் தையுங்கள்

மடங்கிய கைக்கு ஐந்து விரல் கையுறை மாட்டிப் பார்த்தால் ஏன் சொல்கிறேன் என்று புரியும். ஒவ்வொரு விரலாக நுழைக்கும்போது இறுக்கம் கூடிக்கொண்டே போகும். பயிற்சிக்கு முன்பே நோயாளி களைத்துவிடுவார்.

திறந்த அமைப்பாகச் செய்யுங்கள். உள்ளங்கை திறந்திருக்க, புறங்கையில் ஒரு பருத்திப் பட்டை. அதிலிருந்து ஒவ்வொரு விரலுக்கும் ஒரு வளையம். வளையங்கள் வெல்க்ரோவில் மூடட்டும். மறு கையால் நோயாளி தானே மாட்ட முடிகிறதா என்பதே சோதனை. பலகையும் பேட்டரியும் கையில் வேண்டாம், முழங்கைக்குக் கீழே கட்டுங்கள். விரல்களைத் தூக்கவே சிரமப்படும் கைக்கு 50 கிராமும் பாரம்.

உப்புக் காற்று இங்கே உண்மையான எதிரி. பித்தளை, செம்பு முனைகள் பச்சை பிடிக்கும். இணைப்பு விட்டுவிட்டு வரும். நிரலில் பிழை தேடி நேரம் போகும். பற்றவைத்த இடங்களுக்குக் காப்புப் பூச்சுப் பூசுங்கள். கழற்றி மாட்டும் இணைப்புகளைக் குறையுங்கள். இரவில் மூடி இறுகும் டப்பாவில் சிலிக்கா ஜெல் பையுடன் வையுங்கள். துணிப் பகுதி தனியே கழன்று துவைக்கும்படி இருக்கட்டும். ஒருவர் வியர்வை இன்னொருவர் தோலில் படக்கூடாது.

எல்லாம் ஒரு பைக்குள் அடங்க வேண்டும். தமிழக அரசின் மக்களைத் தேடி மருத்துவம் 2021 ஆகஸ்டு முதல் வீட்டுக்கே இயன்முறை சிகிச்சையைக் கொண்டுபோகிறது. அப்படிப் போகிறவர் இருசக்கர வாகனத்தில் எடுத்துச் செல்லக்கூடிய அளவே சரியான அளவு.

6. ஒவ்வொரு கைக்கும், ஒவ்வொரு நாளும் அளவெடுங்கள்

உங்கள் கையில் சரியாக வேலை செய்த எண்கள் நோயாளியின் கையில் செல்லாது. அவருடைய "முழு விரிவு" உங்கள் பாதி மடக்கமாக இருக்கலாம்.

அமர்வின் தொடக்கத்தில் மூன்று நிலைகளைப் பதிவு செய்யுங்கள்: ஓய்வில் இருக்கும் கை, அவரால் முடிந்த அளவு விரித்த கை, அவரால் முடிந்த அளவு மடக்கிய கை. இந்த எல்லைக்குள்தான் எல்லா இலக்கும் இருக்க வேண்டும். தசை இறுக்கம் காலையில் ஒன்றாகவும் களைத்த மாலையில் வேறாகவும் இருக்கும். நேற்றைய எண்ணைப் பயன்படுத்தாதீர்கள்.

அதிர்வுக்கும் அளவெடுங்கள். மிகக் குறைந்த அளவிலிருந்து ஏற்றிக்கொண்டே போய், "இப்போ தெரியுது" என்று அவர் சொல்லும் இடத்தைக் குறியுங்கள். நடுநடுவே அதிர்வே கொடுக்காமலும் கேளுங்கள். உங்களைச் சந்தோஷப்படுத்த "தெரியுது தம்பி" என்று சொல்லும் பெரியவர்கள் நிறைய பேர். அந்த வெற்றுத் தடவைகளில்தான் உண்மை தெரியும்.

7. சூழலைக் கட்டுங்கள்

தொடுகைக் கணக்கு எளிது. விரல் பொருளுக்குள் எவ்வளவு புகுந்திருக்கிறதோ அதை விறைப்பு எண்ணால் பெருக்கினால் எதிர்விசை கிடைக்கும். வேகத்துக்கு ஏற்ற ஒரு தணிப்பையும் சேர்த்தால் துள்ளாது. அதிர்வுக் கருவியில் இந்த விசையைத் துடிப்பின் வலுவாக மாற்றிக்கொள்ளுங்கள்.

திரையில் தெரியும் விரல் பொருளுக்குள் புகுவதை ஒருபோதும் காட்டாதீர்கள். உண்மை விரல் எங்கே போனாலும், திரை விரல் மேற்பரப்பிலேயே நிற்கட்டும். கண் பார்ப்பதைக் கை நம்பும். விரல் நின்றதைப் பார்த்தாலே பொருள் கெட்டியாகத் தோன்றும். விசைக் கருவி இல்லாதவர்களுக்கு இது பெரிய உதவி.

தாமதம்தான் பலரை வீழ்த்தும் இடம். திரையில் தொட்ட கணத்துக்கும் விரலில் துடிப்பு வரும் கணத்துக்கும் நடுவே 50 மில்லிசெகண்டுக்குள் வைத்துக்கொள்ள முயலுங்கள். சென்சார் தகவல் லேப்டாப்புக்குப் போய், கணக்கிட்டு, புளூடூத்தில் திரும்பி வந்து மோட்டார் எழுவதற்குள் அந்த நேரம் ஓடிவிடும். அதனால் "இந்த வளைவில் தொடுகை நடக்கும்" என்ற எண்ணை முன்கூட்டியே கையுறைக்கு அனுப்பிவிடுங்கள். கையுறையோடு இணைந்த பலகையே துடிப்பைக் கொடுக்கட்டும். அளந்து பார்க்கச் செலவே இல்லாத வழி ஒன்று: மோட்டாரில் சிறு காகிதத் துண்டை ஒட்டி, காகிதமும் திரையும் ஒரே சட்டத்தில் தெரியும்படி செல்போனில் நொடிக்கு 240 படம் என்ற வேகத்தில் எடுங்கள். ஒரு படம் சுமார் 4 மில்லிசெகண்டு. எத்தனை படம் கழித்துக் காகிதம் ஆடுகிறது என்று எண்ணினால் போதும்.

காட்சி எளிமையாக இருக்கட்டும். மங்கிய ஒரே நிறப் பின்னணி, பளிச்சென்ற ஊசி, தடித்த நூல். கடல் அலை, பறவை, படகு எதுவும் வேண்டாம். இடப்பக்கக் கவனம் குறைந்தவருக்கு முதலில் நடுவில் வைத்து, நாள்போக்கில் இடப்பக்கம் நகர்த்துங்கள்.

குரல் இந்தப் பக்கத்து ஆளின் குரலாக இருக்கட்டும். "மெல்ல விடுங்கண்ணே", "அப்படித்தான், இன்னுங் கொஞ்சம்", "போதும், கையத் தொங்க விடாம வைங்க" என்று பதிவு செய்தால், கணினிக் குரலில் வரும் "கையை விடுவிக்கவும்" என்பதைவிட உடனே புரியும். பெண்களுக்கு "அக்கா" என்று தனிப் பதிவு வையுங்கள்.

8. கடினத்தை ஏற்றும் விதம்

ஏன் இவ்வளவு பாடுபட்டு மெய்நிகர் சூழல்? எண்ணிக்கைக்காக. பக்கவாத நோயாளிகளின் சிகிச்சை அமர்வுகளை நேரில் கவனித்து 2009-ல் வெளியான வட அமெரிக்க ஆய்வு ஒன்றில், கைக்கான வேலைசார் அசைவுகள் அமர்வுக்குச் சராசரியாக 32 தடவைதான் நடந்திருந்தன. மூளை புதுப் பாதை பழக இது போதாது. நூற்றுக்கணக்கில் செய்ய வைப்பதுதான் உங்கள் அமைப்பின் பயன்.

பத்துக்கு ஏழெட்டுத் தடவை வெற்றி கிடைக்கும்படி வையுங்கள். அதற்கு மேல் என்றால் சலிப்பு, அதற்குக் கீழே என்றால் கையை மடியில் வைத்துவிடுவார்கள். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள்: முதலில் விடுவதற்கான விரிவு, பிறகு வேகம், பிறகு கண்ணியின் சிறுமை. எல்லாவற்றையும் சேர்த்து ஏற்றினால் எது தடுத்தது என்று தெரியாது.

ஊசியை விடுவதையே வெற்றியாகக் கணக்கிடுங்கள். பிடித்ததும் மணி அடித்தால் நோயாளி இன்னும் இறுக்கிப் பிடிப்பார். தசை இறுக்கம் ஏறும்.

9. பாதுகாப்பு

சிகிச்சையாளரின் கைக்கு எட்டும் தூரத்தில் மின்சாரத்தையே வெட்டும் பெரிய பொத்தான் இருக்க வேண்டும். நிரலில் உள்ள நிறுத்து பொத்தான் கணக்கில் சேராது. விசைக் கருவியில் உச்ச விசைக்கு மின்சுற்றிலேயே எல்லை வையுங்கள். ஒவ்வொரு அமர்வுக்கு முன்னும் பின்னும் தோலைப் பாருங்கள். சிவப்பு மறையாமல் நின்றால் அன்று முடிந்தது. முன்கைக்குத் தலையணை கொடுங்கள், தொங்கும் கை தோளை இழுக்கும். மின்வெட்டு வந்தால் விசைக் கருவி சட்டென்று தளர்வதா, பிடித்துக்கொள்வதா என்று நோயாளி இல்லாதபோது சோதித்து வையுங்கள்.

10. முதல் அமர்வு

முதலில் நல்ல கையில் மாட்டுங்கள். துடிப்பு என்றால் என்ன, முடிச்சு உட்கார்ந்தால் எப்படி இருக்கும் என்று அந்தக் கை கற்றுக்கொள்ளட்டும். அப்புறம் மற்ற கை. இந்த வரிசையை விட்டுவிட்டு நேராகப் பாதித்த கையில் தொடங்கினால், உணராதது கையின் குறையா, புரியாததன் விளைவா என்று உங்களால் சொல்ல முடியாது.

இருபது நிமிடத்துக்கு மேல் வேண்டாம், நடுவில் ஓய்வும் வேண்டும். முதுகு சாயும் நாற்காலி கொடுத்து, நெஞ்சு முன்னால் வராதபடி பாருங்கள். கை எட்டாதபோது உடம்பே முன்னால் போய் அந்த வேலையைச் செய்துவிடும்.

வீட்டார் பேச்சையும் கவனியுங்கள். "நல்லாப் புடிங்கப்பா" என்று மகள் பின்னாலிருந்து சொன்னால் அவர் இறுக்குவார். விடுவதுதான் இங்கே பயிற்சி என்று அவர்களுக்கும் முன்னமே சொல்லிவிடுங்கள்.

11. எதை அளப்பது

விளையாட்டின் மதிப்பெண் ஏறுவது, அந்த விளையாட்டில் தேறியதற்கு மட்டுமே சான்று. வெளியே ஒரு சோதனை வேண்டும். பெட்டியும் கட்டையும் சோதனை எளிது: 2.5 செ.மீ. கட்டைகளை நடுத்தடுப்பைத் தாண்டி 60 விநாடியில் எத்தனை மாற்றுகிறார் என்று எண்ணுவது. ஒன்பது துளை முளைச் சோதனை (சிறு முளைகளைத் துளைகளில் செருகி எடுக்கும் நேரத்தை அளப்பது) விரல் நுணுக்கத்துக்கு. தோள் முதல் விரல் வரை கை முழுவதற்கும் 66 புள்ளிகள் கொண்ட ஃபுகில்-மேயர் அளவையைச் சிகிச்சையாளர் எடுப்பார். தொடங்கும் முன்பே இவற்றை எடுத்துவிடுங்கள். நடுவில் எடுத்தால் ஒப்பிட எதுவும் இருக்காது.

உங்கள் பதிவில் மூன்று போதும்: எத்தனை தடவை விட்டார், விடச் சொன்னதிலிருந்து விரல் அசைய எவ்வளவு நேரம் ஆனது, அப்போது மணிக்கட்டு எந்தக் கோணத்தில் இருந்தது. பெயருக்குப் பதில் குறியெண் போடுங்கள்.

12. துடிப்பைக் குறைத்து, நிஜ வலைக்கு மாற்றுங்கள்

பலரும் எழுதாமல் விடும் படி இது. ஒவ்வொரு தடவையும் துடிப்புக் கிடைத்தால் கை அதையே நம்பத் தொடங்கும். துடிப்பு இல்லாத நிஜ நூலில் தடுமாறும். கை தேறத் தேற, சில தடவைகளில் துடிப்பை அணைத்துவிடுங்கள். முதலில் நான்கில் ஒன்று, பிறகு பாதி. அணைத்தபோதும் வெற்றி விகிதம் இறங்கவில்லை என்றால் அடுத்த கட்டத்துக்குப் போகலாம்.

அடுத்த கட்டம், அமர்வின் கடைசிப் பத்து நிமிடம் கையுறையைக் கழற்றுவது. மேசை விளிம்பில் ஒரு முழம் பழைய வலையைக் கட்டுங்கள். பெரிய கண்ணி, தடித்த நூல், அதே ஊசி. முதல் முடிச்சுகள் தளர்வாகத்தான் விழும், அவிழ்ந்தும் போகும். அவிழ்ந்ததை நீங்கள் கட்டிக்கொடுக்க வேண்டாம். ஊசியை விட்டு மறுமுனையைப் பிடிக்கிறாரா என்பதை மட்டும் பாருங்கள். மணிக்கட்டைத் தொங்கவிடாமல் அதைச் செய்யத் தொடங்கியதும் கையுறை நேரத்தைக் குறைத்து, வலை நேரத்தைக் கூட்டுங்கள்; வீட்டில் தினமும் செய்ய அந்த வலைத் துண்டையும் ஊசியையும் கொடுத்தனுப்புங்கள்.